மூன்று இடத்தில் முகர வேண்டும்

செப்டம்பர் 18, புதன்

பதினோரு நாள் காய்ச்சலுக்குப் பிறகு இன்றுதான் சமையலறைக்குள் கால் வைத்தேன். நான் படுத்திருந்த நேரம் பார்த்து இங்கே என்னென்னவோ நடந்திருக்கிறது. இனி யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதப் போகிறேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பின்னால் யாரும் கையை விரிக்கக் கூடாது.

முதல் விஷயம், புதுச் சமையல்காரி. பெயர் பழனாத்தாள், பவானிப் பக்கம். பழைய சமையல்காரர் மகள் வீட்டோடு போய்விட்டாராம். தாளாளர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இவளைச் சேர்த்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசுவதில்லை. அதிகம் பேசாதவர்களை எனக்கு ஆகாது. உள்ளே வேறு ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

இது நர்சிங் மாணவிகள் விடுதி. நூற்று நாற்பது பெண்கள். புதனும் ஞாயிறும் கோழி. காலை ஆறரைக்குச் சென்னியப்பன் கோழியைக் கொண்டுவந்து இறக்குவான். நான் பையைப் பிரித்து, குனிந்து, மூன்று இடத்தில் முகர்வேன். கழுத்து வெட்டு, இறக்கைக் குழி, தொடை மூட்டு. பிறகு பதிவேட்டில் 'முகர்ந்து பார்த்தேன், நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகுதான் கோழி கழுவும் தொட்டிக்குப் போகும். பத்தொன்பது வருடமாக இதுதான் வழக்கம். இத்தனை வருடத்தில் ஒரு பெண்ணுக்கும் வயிற்றைக் கலக்கியதில்லை. தெற்கத்திப் பெண் ஒருத்தி எனக்கு மூக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டுப் போனாள். இப்போது தாளாளரே அப்படித்தான் கூப்பிடுகிறார். ரத்தினாம்பாள் என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்றும் குனிந்தேன், கையெழுத்துப் போட்டேன். கெட்ட வாசம் ஒன்றும் இல்லை.

காப்பிதான் சரியில்லை. வெந்நீரில் சாயத்தைக் கரைத்துக் கொடுத்தது போல இருந்தது. தூளில் புளியங்கொட்டையைச் சேர்க்கிறார்கள். கடையை மாற்றச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

பூக்காரியும் ஏமாற்றத் தொடங்கிவிட்டாள். சாமி படத்துக்கு மல்லிகை என்று சொல்லி, வாசமே இல்லாத எதையோ கட்டித் தருகிறாள். கேட்டால், "கும்முனு அடிக்குதுங்களே அம்மா" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பால் அடிப்பிடித்துவிட்டது. பத்தடி தள்ளி உட்கார்ந்து அரிசியில் கல் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காய் நறுக்கும் குப்பாயி கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏனுங்கம்மா, பாலு தீயற நாத்தம் கெணத்தடி வரைக்கும் அடிக்குது, இங்கயே உக்காந்துட்டு இருக்கறீங்?"

காய்ச்சலுக்குப் பிறகு காது அடைத்திருக்கிறது, பால் பொங்கிய சத்தம் கேட்கவில்லை என்றேன். வேறென்ன சொல்வது. பழனாத்தாள் அடுப்பைத் தூண்டிவிட்டு வேண்டுமென்றேதான் வெளியே போயிருக்க வேண்டும். நான் கவனிக்கிறேனா இல்லையா என்று பார்க்கிறாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

புரட்டாசி பிறந்ததிலிருந்து எழுபது பெண்கள் கவுச்சி தொடுவதில்லை. கோழி பாதியாகக் குறைந்துவிட்டது. சென்னியப்பன் முகமும் தொங்கிவிட்டது.

"இந்த ஒரு மாசம் எங்க பொழப்பு படுத்துக்குமுங்க. கூண்டுல கோழி தின்னுட்டே கெடக்குது, வாங்க ஆளில்லீங்" என்றான். பதினோரு வருடமாக வருகிறான். இவனை மட்டும் எனக்குத் தெரியும்.

நான் குனிந்தபோது பழனாத்தாள் கோழியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 25, புதன்

இன்று பழனாத்தாள் ஒரு கட்டுச் சீட்டும் நூலுமாக வந்து நின்றாள். ஃப்ரிட்ஜில் போகும் ஒவ்வொரு பையிலும் தேதி எழுதிக் கட்ட வேண்டுமாம்.

"கீழ்த்தட்டுல வெக்கறத ரெண்டு நாளுக்குள்ள சமைச்சிரோணுமுங்க. தேதி இல்லாட்டி எது எப்ப வந்துதுன்னு தெரியறதில்லீங்" என்றாள். இழுப்பறையில் வருடக்கணக்காகக் கிடந்த வெப்பமானியையும் துடைத்து உள்ளே வைத்திருக்கிறாள். மூன்று டிகிரி காட்டுகிறதாம்.

எனக்குத் தெரியாததா. பச்சைக் கோழி அடித்தட்டில், சமைத்தது மேல்தட்டில், அப்போதுதான் கோழித் தண்ணீர் சமைத்ததில் சொட்டாது. உறைந்ததை மேசைமேல் போட்டு இளக்கக் கூடாது, முந்தின நாளே கீழே மாற்றிவிட வேண்டும். ஒருதரம் இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. இதெல்லாம் இந்தச் சமையலறையில் நான் போட்ட சட்டம். வெப்பமானியை மட்டும் நான் எடுத்ததில்லை. மூக்கு இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சீட்டு, நூல், டிகிரி என்று கிளம்பிவிட்டாள். என் நாற்காலிமேல் கண் விழுந்திருக்கிறது.

அதனால் பையைப் பிரித்ததும் முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன். எதையாவது மறைக்கிறாளா என்று தெரிய வேண்டுமே. முகம் சும்மா இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

ஈரோடு போய் வந்தேன். கண்ணாடி மாற்ற.

செப்டம்பர் 27, வெள்ளி

அறையில் இருந்த சாமான்களைச் சரிபார்த்தேன். ஓமம் பழசு, வீரியம் போய்விட்டது. கற்பூரத்தில் கலப்படம். தலைவலித் தைலம் கண்ணில் நீர் வர எரிகிறது, ஆனால் வாசம் இல்லை, போலி. சோப்பும் அப்படித்தான். இந்தக் காலத்தில் எதையும் நம்பி வாங்க முடிவதில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சென்னியப்பன் இறக்கிவிட்டுப் போன பிறகு பழனாத்தாள் முதலில் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு கிலோ இருக்கும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சும்மா இருந்தது. குனிந்தேன். கழுத்து, இறக்கை, தொடை. நல்லா இருக்கு என்று முணுமுணுத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

நிமிர்ந்தால் வாசலில் குப்பாயி முந்தானையை மூக்கில் திணித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் தண்ணீர்.

"குப்பாயக்கா, நீங்க போயி வெங்காயம் எடுத்தாங்க. கொட்டறதுக்கு முந்தி அம்மாகிட்டக் காட்டோணுமில்ல, அதுக்குத்தான் கொண்டாந்தேன்" என்று அவளை அனுப்பிவிட்டு, பழனாத்தாள் என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா, இது புதங்கெழமை மிஞ்சுனதுங்க. நாலு நாளாச்சு. சீட்டுக் கட்டாம உள்ள தள்ளிப் போயிருந்துது."

நான் தட்டைப் பார்த்தேன். இப்போதுதான் கண்ணில் பட்டது. தோல் சாம்பல் பூத்து, ஓரத்தில் பச்சை ஏறியிருந்தது. விரல் வைத்தால் நூல் போல இழுத்தது. கண்ணை வைத்துக்கொண்டே நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"எத்தன நாளாத் தெரியறதில்லீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி மாடிக்கு வந்துவிட்டேன். பதிவேட்டை அவள்தான் எடுத்து அலமாரியில் வைத்தாள். அழுகிய கோழிக்கு 'நன்று' என்று என் கையெழுத்தோடு ஒரு பக்கம் அதில் இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

எனக்கு வாசம் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

காய்ச்சலோடு போயிற்று. ஈரோடு போனது கண்ணாடிக்கு இல்லை, மூக்கு டாக்டரிடம். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறதாம். சிலருக்கு நாலைந்து மாதத்தில் திரும்புமாம், சிலருக்கு ஒரு வருடம் ஆகுமாம், சிலருக்கு வருவதே இல்லையாம். எனக்கு எது என்று கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவரையும் நம்பாமல்தான் அந்த ஓமத்தையும் கற்பூரத்தையும் எடுத்துப் பார்த்தேன்.

பூக்காரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கப் போவதில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டி வரும்.

செப்டம்பர் 18, 22, 25. மூன்று நாள் வெறும் காற்றை இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

சமையலை வெளியே ஒப்பந்தத்துக்கு விட்டுவிடலாம் என்று தாளாளருக்கு இரண்டு வருடமாக யோசனை. மூக்கம்மா இருக்கிற வரைக்கும் வேண்டாம் என்று அவரேதான் தள்ளிப்போட்டு வருகிறார். மூக்கு இல்லையென்றால் மூக்கம்மா எதற்கு. வேலை போனால் மாடியில் இந்த அறையும் போகும். மகன் ஓசூரில் ஒற்றை அறையில் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் இருக்கிறான். வா என்பான். எங்கே படுப்பது என்று அவனும் சொல்ல மாட்டான், நானும் கேட்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இது இப்போது பழனாத்தாள் கையில் இருக்கிறது. என்ன கேட்பாள் என்று காத்திருக்கிறேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, கறிக்கடைகள் அடைப்பு. முட்டைக் குழம்பு.

ஆளுக்கு இரண்டு என்று நூற்றைம்பது முட்டையை உரித்துக்கொண்டே பழனாத்தாள் பேச்செடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு பண்ணலாமுங்களா. நீங்க எப்பவும் போலக் குனிஞ்சு பாருங்க. நானு பக்கத்துல நிக்கறேன். நல்லா இருந்தா சும்மா இருக்கறேன். கெட்டிருந்தா முந்தானைய இடுப்புல சொருகறேன்."

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்குன்னா என்னுங்க. புள்ளைங்க சாப்புடோணுமில்லீங்."

சரி என்றேன். வேறு வழி இல்லை. ஆனால் ஒன்றும் கேட்காமல் ஒருத்தி இவ்வளவு செய்கிறாள் என்றால், கடைசியில் கேட்கப் போவது பெரிதாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 6, ஞாயிறு

முந்தானை அசையவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

முகர முடியாதவள் முகர்வது போல நடிப்பது லேசான வேலை இல்லை. நேற்று கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். குனிந்ததும் தோள் கொஞ்சம் ஏற வேண்டும். மூக்கு நுனி சுருங்க வேண்டும். பிறகு ஒரு நொடி யோசிப்பவள் போலக் கண்ணைத் தாழ்த்த வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாக வருகிறது. ஆனால் உண்மையாக மூச்சை இழுத்தால் வயிறு உள்ளே போய் வர வேண்டும், நான் அதை மறந்துவிடுகிறேன். தோள் மட்டும் ஏறுகிறது, வயிறு கல்லாக நிற்கிறது. வெட்கக்கேடு.

கை இருக்கிறதே என்று இப்போது தொட்டும் பார்க்கிறேன். நல்ல கோழி விரலில் வெறும் ஈரமாக இருக்கும். கெடத் தொடங்கினால் கொழகொழக்கும், கழுவினாலும் அது போகாது. வெப்பமானியையும் பார்க்கிறேன். யாரும் இல்லாதபோது.

அக்டோபர் 9, புதன்

கோழி நன்றாக இருந்தது. சென்னியப்பன் சொன்னதுதான் நன்றாக இல்லை. வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்து, "உங்க புதுச் சமையக்காரியோட கொழுந்தன் பவானில கோழிக்கட வெச்சிருக்கறானுங்க. தெரியுமுங்களா?" என்றான்.

எனக்குத் தெரியாது. இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. எதற்காக ஒன்றும் கேட்காமல் இருக்கிறாள், எதற்காகக் குப்பாயியிடமிருந்து என்னைக் காப்பாற்றினாள் என்று இத்தனை நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். முந்தானையை ஒரு தரம் செருகினால் போதும். நான் அவள் சொன்னபடி ஆடுவேன். சென்னியப்பன் வெளியே போவான், கொழுந்தன் உள்ளே வருவான். நான் என் மூக்கை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

கேட்டேவிட்டேன்.

"உன் கொழுந்தன் கோழிக்கட வெச்சிருக்கறாராமே?"

"ஆமாங்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கடையப் போய்விட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவ்வளவு சும்மா இருக்கிற முகத்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

முந்தானை அசையவில்லை. ஆனால் இது என்றைக்கு அசையும் என்று எனக்குத் தெரியும். பெரிய சரக்கு வருகிற அன்றைக்கு.

அக்டோபர் 18, வெள்ளி

ஐப்பசி பிறந்துவிட்டது. ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் எல்லோரும் இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் கோழிக்குத் தட்டுப்பாடு வருமாம். அன்றைக்கே விடுதியில் பெற்றோர் கூட்டமும். பிரியாணிக்கு அறுபது கிலோ சொல்லியிருக்கிறது. தாளாளர் கூடவே பந்தியில் உட்காரப் போகிறாராம்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆறு மணிக்கே சென்னியப்பன் வந்துவிட்டான். ஆறு பெட்டி. எல்லாம் ஐஸ் தண்ணீரில் மிதந்தன.

"உங்களுக்கு வேல மிச்சமாகட்டும்னு மஞ்சத்தூளும் தடவிக் கொண்டாந்துட்டனுங்க" என்றான். பதினோரு வருடத்தில் அவன் எனக்கு வேலையை மிச்சம் பண்ணிக் கொடுத்ததில்லை. பந்தி ஏற்பாட்டைப் பார்க்க வந்த தாளாளரும் வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார்.

முதல் பெட்டியில் குனிந்தேன். பழனாத்தாள் சும்மா நின்றாள். இரண்டாவதிலும் சும்மா நின்றாள். மூன்றாவது பெட்டியில் நான் கழுத்து வெட்டுக்குப் போகும்போதே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

நினைத்தது நடந்துவிட்டது. விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் விரலே மரத்துப் போயிற்று, கொழகொழப்பு எங்கே தெரியப் போகிறது. நிறத்தைப் பார்க்கலாம் என்றால் மஞ்சள் அப்பியிருக்கிறது. எல்லோர் முன்னாலும் வெப்பமானியை எடுத்துச் செருகினேன், மூன்று டிகிரி. இப்போது சில்லென்று இருக்கிறது என்றுதான் அது சொல்லும், நேற்று எங்கே கிடந்தது என்று சொல்லாது. சந்தேகம் வந்தால் கொட்டிவிடு என்பதும் என் சட்டம்தான். ஆனால் எனக்கிருந்த சந்தேகம் கோழிமேலா, பழனாத்தாள் மேலா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"என்னுங் மூக்கம்மா, யோசன பலமா இருக்குது?" என்றார் தாளாளர்.

சென்னியப்பன் முந்திக்கொண்டான். "அய்யா, ஒண்ணு சொல்லோணுமுங்க. இந்தம்மா கொழுந்தனுக்குப் பவானில கோழிக்கட. வந்ததுல இருந்தே எஞ்சரக்குல குத்தம் கண்டுபுடிக்கத்தான் நின்னுட்டிருக்கறாங்க. இப்பக்கூட அம்மாவுக்கு என்னமோ ஜாடை காட்டறாங்க, பாருங்க."

"அப்படியா?" என்று தாளாளர் பழனாத்தாள் பக்கம் திரும்பினார்.

"கட இருக்குதுங்க" என்றாள். அந்த நேரத்தில் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

தாளாளர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங். உங்க மூக்குக்கு மேல எனக்கு வேற சாட்சி வேண்டாம். கெட்டதுன்னா இவன் இனி வர வேண்டாம். நல்லதுன்னா அந்தம்மா நாளைக்கு வர வேண்டாம்."

மறுபடி குனிந்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீரும் மஞ்சளும் கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். நல்லது என்று சொன்னால் பழனாத்தாள் போவாள், என் ரகசியமும் அவளோடு போகும், அவள் சொன்னாலும் வேலை போன கோபத்தில் சொல்கிறாள் என்பார்கள். இதை நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று இங்கே எழுத முடியாது. இருநூறு பேர் சாப்பிடப் போகிறார்கள் என்பதும் அதே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"சென்னியப்பா, நீ மோந்து பாத்தயா?" என்றேன்.

"வெடியால பாத்துத்தானுங்க ஏத்துனேன்."

"இப்ப ஒருக்காப் பாரு."

குனிந்தான். தோள் ஏறியது. மூக்கு நுனி சுருங்கியது. ஒரு நொடி கண்ணைத் தாழ்த்தினான். வயிறு அசையவில்லை.

இரண்டு வாரமாக நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அது. நான் முகர முடியாதவள். அவன் முகர விரும்பாதவன். வித்தியாசம் அவ்வளவுதான்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்று நிமிர்ந்தான்.

"நீ மூச்ச இழுக்கல, சென்னியப்பா. இன்னொருக்காக் குனி. மூக்க உள்ள வெச்சு, நான் போதும்கற வரைக்கும் இழு."

தாளாளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் குனிந்தான். இந்தத் தரம் வயிறு உள்ளே போனது. நான் போதும் என்று சொல்வதற்குள் இருமிக்கொண்டே சாக்கடைப் பக்கம் ஓடிக் காறித் துப்பினான்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. புரட்டாசியில் விற்காததை அறுத்து உறைய வைத்திருக்கிறான். நடுவில் கரண்டு போய் ஒரு பகல் முழுக்க இளகிக் கிடந்திருக்கிறது. மறுபடி உறைய வைத்து, இன்றைக்குப் புதுக் கோழியோடு கலந்துவிட்டான்.

"ரெண்டு பொட்டிதானுங்க பழசு. பிரியாணி மசாலாவுல தெரியாதுன்னு நெனச்சுட்டேனுங்க" என்றான்.

பெட்டிகளின் தண்ணீர் வழியெல்லாம் தளும்பிக் கலந்திருக்கும், ஒன்று கெட்டிருந்தால் எல்லாம் போக வேண்டும். ஆறு பெட்டியையும் திருப்பி ஏற்றச் சொன்னேன். பழனாத்தாள் அதற்குள் முட்டைக்கு உலை வைத்துவிட்டாள்.

தாளாளருக்கு ஒரே சந்தோஷம். "மூக்குன்னா இதுதானுங்க மூக்கு" என்று சொல்லிக்கொண்டே அவரே பதிவேட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். 'முகர்ந்து பார்த்தவர்' என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தேன். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் என் பெயர் இன்னும் பத்து வருடத்துக்கு நின்றிருக்கும். ஆனால் நாளைக்கு இன்னொரு சென்னியப்பன் வந்து கொழுந்தன், கடை என்று ஆரம்பித்தால், அப்போதும் பழனாத்தாள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. தீர்ப்பை என்னிடம்தான் கேட்பார்கள். நான் வெறும் காற்றை இழுத்துச் சொல்வேன்.

பழனாத்தாள் என்று எழுதினேன்.

"இதென்னுங்?" என்றார்.

"கண்டுபுடிச்சது அவங்கதானுங்கய்யா. காச்சல் வந்ததுல இருந்து எனக்கு வாசமே தெரியறதில்லீங்க. ஒரு மாசத்துக்கு மேலாச்சு."

அவர் சத்தம் போடவில்லை. பதிவேட்டைப் பின்னாலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு, "நாளைக்கு ஆபீசுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெற்றோரை வரவேற்கப் போனார். நான் முட்டை உரிக்க உட்கார்ந்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

ஏப்ரலில் படிப்பு வருடம் முடிந்ததும் சமையல் ஒப்பந்தத்துக்குப் போகிறது. அதுவரை நான் இருக்கலாம், அறையும் அதுவரைதான். பதிவேடு இன்றிலிருந்து பழனாத்தாளிடம். ஒப்பந்தக்காரர் வந்தாலும் அவள் இருப்பாள் என்று தாளாளர் எழுதியே கொடுத்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோழிக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார். சமையலறைக்கு வந்து பழனாத்தாளிடம், "உன் கொழுந்தனாரக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். என் புத்தி எங்கே போகும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "ஐப்பசி பொறந்தா அவரும் இதேதான் பண்ணுவாரு. அந்தக் கடைல எட்டு வருசம் கோழி கழுவுனவ நானு. எளகி ஒறஞ்சதோட வாசம் எனக்கு அங்கதான் பழக்கமாச்சு. பொறுக்க முடியாமத்தான் அங்கிருந்து வந்தனுங்க."

பிறகு கேட்டேன். "அப்ப என்னையும் மொத நாளே காட்டிக் குடுத்திருக்கலாமில்ல?"

"உங்களத் தாட்டிவுட்டுட்டா வேற ஆரோ வருவாங்க. மூக்கு இருந்தும் குனிய மாட்டாங்க. நீங்க வாசம் தெரியாட்டியும் புள்ளைங்களுக்காகக் குனியறீங்களேன்னு நெனச்சேன்."

"உக்காரு பழனாத்தா" என்றேன். அவள் வந்ததிலிருந்து நான் அதைச் சொன்னதில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் குனிந்தது பிள்ளைகளுக்காக இல்லை. இந்த அறைக்காக. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.